தசைக்கு ஒளி சிகிச்சை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் தசையின் மேல் பாய்ச்சினால் விளையாட்டுத் திறன் கூடும், பயிற்சிக்குப் பின் தசை விரைவில் தேறும் என்னும் விளம்பரங்கள் இப்போது கைப்பேசியைத் திறந்தாலே கண்ணில் படுகின்றன. இது குறித்து வந்திருக்கும் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் பள்ளி மாணவர்களுக்குக் கபடிப் பயிற்சி அளித்து வருகிறேன். போட்டிக்கு முன் பத்து நிமிடம் சிவப்பு ஒளிப் பலகையின் எதிரே நின்றால் தொடையில் வலு கூடும், மறுநாள் உடம்பு வலியே இருக்காது என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். பெற்றோர் சிலர் பணம் திரட்டித் தரவும் முன்வந்திருக்கிறார்கள். வாங்கலாமா? (பயிற்சியாளர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: ஒளி தசையில் மாற்றத்தை உண்டாக்குகிறது என்பது கட்டுக்கதை அல்ல. ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட அளவுக்கு அது பெரிய மாற்றமும் அல்ல. மற்றவர்கள் பணத்தில் வாங்கப்போகும் பொருள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒளியை மருந்தாகப் பயன்படுத்துவது புதிதன்று. தோலில் வரும் காசநோய்க்குச் செறிவான ஒளியைக் கொண்டு சிகிச்சை அளித்ததற்காக டென்மார்க்கில் பணியாற்றிய நீல்ஸ் ஃபின்சன் 1903-ஆம் ஆண்டிலேயே மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். நீங்கள் கேட்கும் முறையின் வேர் 1967-ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரில் இருக்கிறது. எண்ட்ரே மெஸ்டர் என்னும் ஹங்கேரிய மருத்துவர், முதுகு மழிக்கப்பட்ட எலிகளின் மேல் வலுக்குறைந்த ரூபி லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, ஒளி பட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட விரைவில் மயிர் வளர்ந்ததைக் கண்டார். அதிலிருந்து புண் ஆற்றுதல், வலி குறைத்தல் என்று வளர்ந்த இத்துறை, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்களால் விளையாட்டுக்குள் வந்தது.

தசைச் செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே உணவையும் ஆக்சிஜனையும் கொண்டு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு தயாராகிறது. அந்த வேலையில் ஆக்சிஜன் பயன்படும் கடைசிப் படியில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி, சிவப்பு ஒளியையும் அதை அடுத்த அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சக்கூடியது. அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடம் கொடாமல் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை ஒளி விடுவிக்கிறது, அதனால் ஏ.டி.பி. உற்பத்தி சற்று வேகம் பெறுகிறது, விடுபட்ட நைட்ரிக் ஆக்சைடு அருகில் இருக்கும் இரத்தக் குழாய்களையும் விரிக்கிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இந்த நொதியே இல்லாத செல்களிலும் ஒளிக்குப் பலன் தெரிந்திருப்பதால், இது முழு விளக்கம் ஆகாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இனி, மனிதர்களிடம் கண்ட பலனுக்கு வருவோம். 2010-இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வில் ஒன்பது கைப்பந்து வீரர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு நாள் உண்மையான லேசர், இன்னொரு நாள் ஒளியே வராத போலிக் கருவி என்று, எது எந்த நாள் என்பது வீரர்களுக்கும் அளந்தவர்களுக்கும் தெரியாதபடி மேல்கைத் தசையில் பயன்படுத்தப்பட்டது. அதன் பிறகு, களைத்து நிற்கும் வரை கையை மடக்கி எடை தூக்கச் சொன்னார்கள். போலிக் கருவி நாளில் சராசரியாக 34.6 முறை தூக்கியவர்கள், லேசர் நாளில் 39.6 முறை தூக்கினார்கள். களைப்படையும் நேரம் 8 விழுக்காடு தள்ளிப்போனது. இரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் அளவும் லேசர் நாளில் குறைவாக இருந்தது.

இதுபோன்ற 39 ஆய்வுகளை, மொத்தம் 861 பேரின் முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2018-இல் வெளிவந்தது. சரியான அளவில் கொடுத்தால் களைப்பு தள்ளிப்போகிறது, தசை தேறுவதில் முன்னேற்றம் தெரிகிறது என்பதே அதன் முடிவு. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பத்துப் பேர், இருபது பேர், நாற்பது பேரை வைத்துச் செய்யப்பட்டவை. பல ஆய்வுகள் ஒரே வட்டத்து ஆய்வாளர்களிடமிருந்து வந்தவை. அவர்களில் சிலர் கருவி தயாரிக்கும் நிறுவனத்திடம் ஆராய்ச்சி உதவி பெற்றதைத் தாங்களே அறிவித்திருக்கிறார்கள். அறிவித்தது நேர்மை, ஆயினும் படிக்கும் நாம் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எந்தப் பலனும் தெரியாத ஆய்வுகளும் இருக்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் ஒரே தசையைக் களைக்கும் வரை இயக்குவது வேறு, எதிரணியின் கோட்டைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்பி ஓடிவருவது வேறு. ஐந்து தடவை கூடுதலாக எடை தூக்கியவர் பாடிச் சென்று ஒரு புள்ளி கூடுதலாக எடுப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலும் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் வயதுவந்த இளைஞர்களே கலந்துகொண்டார்கள். வளரும் பிள்ளைகள் அல்ல.

ஆகவே வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. திரட்டிய பணம் இருந்தால், பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு முட்டை, சுண்டல், வாழைப்பழம் கிடைக்க வழி செய்யுங்கள். மண் தரையில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல விரிப்பு வாங்குங்கள். அதிகாலை ஐந்து மணிக்குப் பயிற்சி வைத்துவிட்டு இரவு பத்து மணி வரை தனிவகுப்பில் இருக்கும் பிள்ளையின் தசை எந்த ஒளியாலும் தேறாது. அந்த நேர அட்டவணையைப் பெற்றோருடன் உட்கார்ந்து மாற்றினால், பணச் செலவே இல்லாமல் இதைவிடப் பெரிய பலன் கிடைக்கும்.

கேள்வி: நான் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு மாணவி. எத்தனை நிமிடம் ஒளி கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு விதமாகப் போட்டிருக்கிறது. அளவை எப்படிக் கணக்கிடுவது? (கோயம்புத்தூர்)

பதில்: மிக நல்ல கேள்வி. இந்தச் சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. நிமிடத்தை மட்டும் சொல்வது, மாத்திரையின் மில்லிகிராம் அளவைச் சொல்லாமல் 'ஒன்று போடுங்கள்' என்பதற்கு ஒப்பாகும்.

முதலில் அலைநீளத்தைப் பாருங்கள். தசைக்குப் பலன் கண்ட ஆய்வுகள் ஏறத்தாழ 655 முதல் 950 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பயன்படுத்தியவை. அடுத்து, ஆற்றலைக் கணக்கிடுங்கள். வாட் அளவை விநாடியால் பெருக்கினால் ஜூல். மேலே சொன்ன கைப்பந்து ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கருவியின் தலையில் 810 நானோமீட்டர் லேசர் டயோடுகள், அதாவது ஒளி உமிழும் சிறு பாகங்கள், ஐந்து இருந்தன. ஒவ்வொன்றும் 200 மில்லிவாட். தலையைத் தோலோடு சேர்த்து அழுத்தி ஓரிடத்தில் 30 விநாடி வைத்தார்கள். ஆக, ஒரு டயோடுக்கு 6 ஜூல். ஐந்துக்கும் சேர்த்து 30 ஜூல். மேல்கைத் தசையின் இரண்டு இடங்களில் வைத்ததால் மொத்தம் 60 ஜூல். சிறிய தசைகளுக்கு 20 முதல் 60 ஜூல், தொடை போன்ற பெரிய தசைகளுக்கு 60 முதல் 300 ஜூல், லேசராக இருந்தால் டயோடு ஒன்றுக்கு 200 மில்லிவாட்டுக்கு மேல் போகாமை என்பவை நல்ல பலன் கண்ட ஆய்வுகளிலிருந்து 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு திரட்டித் தந்த எல்லைகள்.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் தொடையின் முன்தசையில் ஆறு இடங்களில், இடத்துக்கு 10, 30, 50 ஜூல் என்று மூன்று அளவுகளை வெவ்வேறு குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தசையின் விசையைக் காப்பதில் நடுவில் இருந்த 30 ஜூல்தான் சிறந்து நின்றது. குறைவாகக் கொடுத்தால் பலன் தெரிவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டினால் பலன் மங்குகிறது, சில சோதனைகளில் செல்லின் செயலையே அடக்குகிறது. நீங்கள் நாளை ஒரு விளையாட்டு வீரருக்கு இதைக் கொடுக்க நேர்ந்தால், அலைநீளம், ஒரு டயோடின் திறன், விநாடி, வைத்த இடங்களின் எண்ணிக்கை, மொத்த ஜூல் ஆகிய ஐந்தையும் அவருடைய அட்டையில் எழுதுங்கள். எழுத முடியாத கருவியைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஐம்பது வயதைக் கடந்தவன். மாரத்தான் ஓடுகிறேன். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை வலிக்கிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதால் என்கிறார்கள். வீட்டில் ஒளிப் பலகை இருக்கிறது. ஓட்டத்துக்கு முன்பா, பின்பா எப்போது பயன்படுத்துவது? எவ்வளவு தள்ளி நிற்பது? (சென்னை)

பதில்: லாக்டேட் மேல் பழி போடுவதை முதலில் விட்டுவிடலாம். ஓட்டத்தின்போது இரத்தத்தில் ஏறும் லாக்டேட், ஓடி முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. உங்களுக்கு வரும் வலி 24 மணி முதல் 72 மணி வரை உச்சத்தில் இருப்பது. தசை நீண்டுகொண்டே விசை தாங்கும்போது, அதாவது இறக்கத்தில் ஓடும்போதும் படி இறங்கும்போதும், தசை நார்களில் உண்டாகும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும் அதற்குக் காரணம்.

பெரும்பாலான நல்ல முடிவுகள் பயிற்சிக்கு முன் ஒளி கொடுத்த ஆய்வுகளில் வந்திருக்கின்றன. ஐந்து நிமிடம் முதல் ஆறு மணி நேரம் வரை முன்னதாகக் கொடுக்கலாம் என்பது இத்துறை ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை. ஆக, ஓடிவிட்டு வந்து வலிக்கும் தொடையைப் பலகைக்குக் காட்டுவதைவிட, புறப்படும் முன் காட்டுவது பொருத்தம்.

தூரம் பற்றிய கேள்விக்கு, இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச்சின் மேல் விரல் நுனியை அழுத்தி வைத்துப் பாருங்கள். டார்ச்சின் ஒளி வெள்ளை; விரலின் மறுபக்கம் தெரிவதோ சிவப்பு மட்டும். நீலமும் பச்சையும் தோலிலும் இரத்தத்திலும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. சிவப்பு மிஞ்சி வருகிறது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அதைவிடவும் உள்ளே போகிறது. ஆனால் அதே டார்ச்சை உள்ளங்கையின் நடுவில் வைத்தால் மறுபக்கம் மிக மங்கலாகவே தெரியும். விரலை டார்ச்சிலிருந்து நாலு அங்குலம் தூக்கினால் அந்தச் சிவப்பும் குன்றிவிடும். உங்கள் தொடையில் தோல், கொழுப்பு இரண்டையும் கடந்துதான் ஒளி தசையை அடைய வேண்டும். பலன் கண்ட ஆய்வுகளில் பெரும்பாலும் கருவியின் தலையைத் தோலில் அழுத்தி வைத்தார்கள் என்பதற்கு இதுவே காரணம். அழுத்தினால் ஒளி தோலில் பட்டுத் திரும்புவது குறைகிறது, இடையில் இருக்கும் இரத்தமும் சற்று விலகுகிறது.

பலகையின் எதிரே நிற்பது அதற்கு ஈடாகாது. கணக்கு வேண்டுமானால், உங்கள் தொடை இருக்கும் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் விழுவதாக வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 18 ஜூல் விழுகிறது. அதில் சிறு பங்குதான் தசைக்குப் போகும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் மில்லிவாட் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சூரிய ஒளியை அளக்கும் மலிவான மீட்டரைக் கொண்டு இந்தப் பலகைகளை அளந்தால் உண்மையைவிடப் பெரிய எண் வரும், சில விளம்பரங்களில் வருவது அந்த எண்தான்.

இருக்கும் பலகையைப் பயன்படுத்துங்கள், தடையில்லை. ஆனால் உங்கள் வலிக்கு மருந்து ஓட்ட அட்டவணையில் இருக்கிறது. மேம்பாலத்தின் இறக்கத்தை வாரம் ஒரு முறை சிறிய அளவில் ஓடிப் பழகினால், அடுத்த முறை அதே இறக்கம் தசையை அவ்வளவாகச் சேதப்படுத்தாது. ஒருமுறை பழகிய தசை அந்தச் சுமையை வாரக்கணக்கில் நினைவில் வைத்திருப்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி.

கேள்வி: அம்மாவின் தோள்பட்டை வலிக்கு மருத்துவமனையில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். இதுவும் அதுவும் ஒன்றா? (சேலம்)

பதில்: ஒன்றல்ல. அங்கே வைப்பது ஐ.ஆர். (அகச்சிவப்பு) விளக்கு. அது சூடேற்றும் விளக்கு. தோலுக்கு வெப்பம் கொடுத்து, இரத்த ஓட்டத்தைக் கூட்டி, இறுக்கத்தைத் தளர்த்துவதே அதன் வேலை. இந்த இதழில் பேசும் சிகிச்சையில் வெப்பம் நோக்கமே அன்று. சரியான அளவில் கொடுத்தால் சூடு தெரியவே கூடாது. வெயில் குறைந்த குளிர்காலத்தில் வரும் பருவகால மனச்சோர்வுக்குக் காலையில் 10,000 லக்ஸ் வெள்ளை ஒளியின் முன் உட்காரச் சொல்வார்களே, அது கண் வழியாக மூளையின் நேர உணர்வைச் சீராக்கும் வேறொரு சிகிச்சை. வைட்டமின் டி-க்கு இவற்றில் எதுவும் உதவாது. அதற்குப் புறஊதா ஒளி வேண்டும், அது வெயிலில் கிடைக்கிறது.

கேள்வி: ஜிம்மில் பயிற்சி செய்கிறேன். ஒளி கொடுத்தால் தசை பெருகுமா? பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் உட்காருவதும் உண்டு. (மதுரை)

பதில்: 2016-இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வில் ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையர் இருவரை 12 வாரம் ஒரே தொடைப் பயிற்சியைச் செய்ய வைத்தார்கள். ஒருவருக்கு எல்.இ.டி. ஒளி, மற்றவருக்குப் போலி ஒளி. ஒளி பெற்றவருக்குத் தொடைத் தசையின் அளவும் வலுவும் கூடுதலாக வளர்ந்தன, வலியும் குறைவாக இருந்தது. மரபணு வேறுபாடு குறுக்கிடாத அழகான அமைப்புதான். ஆனால் அது ஒரே ஓர் இணை. அதை வைத்து ஆசைப்படலாம், செலவு செய்யக் கூடாது.

ஐஸ் தண்ணீர் விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், தசை பெருக்க வேண்டும் என்றால் எடைப் பயிற்சி முடிந்த கையோடு அதில் இறங்காதீர்கள். 2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 12 வாரம் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் குளிர்நீரில் இருந்தவர்களுக்குத் தசையும் வலுவும் மற்றவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்தன. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் ஒரு நாளைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மாநில அளவில் தடகளத்தில் ஓடுகிறேன். ஒளி சிகிச்சை ஊக்கமருந்துத் தடையில் வருமா? (திருநெல்வேலி)

பதில்: தோலின் மேல் கொடுக்கும் ஒளி சிகிச்சை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. பலன் உண்மையென்றால் அதைப் போட்டிகளில் அனுமதிக்கலாமா என்று இத்துறை ஆய்வாளர்களே எழுத்தில் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள் என்பதால், ஆண்டுதோறும் ஜனவரியில் நடைமுறைக்கு வரும் புதிய பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சில இடங்களில் இரத்த நாளத்தில் ஊசி ஏற்றி, அதன் வழியாக லேசர் ஒளியை இரத்தத்துக்குள்ளேயே செலுத்தும் 'சிகிச்சை'யை விற்கிறார்கள். இரத்த நாளத்துக்குள் இருக்கும் இரத்தத்தை இயற்பியல் முறையிலோ வேதியியல் முறையிலோ எவ்வகையிலும் கையாளுவது அந்தப் பட்டியலில் எக்காலத்துக்கும் தடைசெய்யப்பட்ட முறை. அருகில்கூடப் போகாதீர்கள். உங்கள் இரத்தத்தில் என்ன நடந்தாலும் பொறுப்பு உங்களுடையதே; ஊசி போட்டவர் உங்களுக்காக விசாரணைக்கு வர மாட்டார்.

கேள்வி: நான் நல்ல கறுப்பு நிறம். ஒளி எனக்கு வேலை செய்யுமா, சுட்டுவிடுமா? கண்ணுக்குக் கெடுதல் உண்டா? (இராமநாதபுரம்)

பதில்: இந்தச் சிகிச்சையின் ஆய்வுகள் நம்மைப் போன்ற நிறத்தவரைப் போதிய அளவில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். தோலின் மெலனின் ஒளியை உறிஞ்சும். அலைநீளம் குறையக் குறைய அது உறிஞ்சுவது கூடும். ஆகவே 630, 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி கறுத்த தோலில் கூடுதலாகத் தங்கிவிடும். 810 முதல் 900 வரையிலான அகச்சிவப்பு ஒப்பீட்டளவில் எளிதாகக் கடந்துவிடும். உறிஞ்சப்பட்ட ஒளி வெப்பமாக மாறுவதால், நான்காம் வகுப்பு எனப்படும் உயர்திறன் லேசரைக் கறுத்த தோலின் மேலோ, பச்சை குத்திய இடத்திலோ, அடர்ந்த மயிரின் மேலோ ஒரே இடத்தில் பிடித்தால் சுடும். சுருக்கென்று சூடு தெரிந்த கணமே சொல்லிவிடுங்கள். 'கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று கருவியைப் பிடித்திருப்பவர் சொன்னால் எழுந்துவிடுங்கள். நீரிழிவினால் உணர்ச்சி குறைந்த காலில் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் சுடுவதே தெரியாது.

கண்ணைப் பொறுத்தவரை, அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது; தெரியாததால் இமை தானாக மூடாது. அதற்குள் விழித்திரை வெந்துவிடலாம். அந்த அலைநீளத்துக்கென்று குறிப்பிட்ட பாதுகாப்புக் கண்ணாடியை நோயாளி, சிகிச்சை அளிப்பவர் இருவரும் அணிய வேண்டும். சாதாரணக் குளிர்கண்ணாடி போதாது.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நடைப்பயிற்சிக் குழுவில் எல்லோரும் முழங்காலுக்கு இந்த ஒளி வைத்துக்கொள்கிறார்கள். நானும் வைக்கலாமா? (திருச்சிராப்பள்ளி)

பதில்: அம்மா, உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கட்டி இருக்கும் இடத்திலும் இருந்த இடத்திலும் இந்த ஒளியைத் தவிர்ப்பது பொது விதி. முழங்கால் அங்கிருந்து வெகு தொலைவு என்றாலும், முழு உடலுக்கும் ஒளி பாய்ச்சும் படுக்கைகளையும் பலகைகளையும் நீங்களாக முடிவெடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

இதே ஒளி சிகிச்சைக்கு இன்று மிக வலுவான சான்று இருப்பது புற்றுநோயாளிகளிடம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சாலும் கீமோதெரபியாலும் வாயில் வரும் கடும் புண்களைத் தடுக்க, குறிப்பிட்ட நோயாளிகளுக்கு இதைக் கொடுக்கலாம் என்று பன்னாட்டு வழிகாட்டு நெறிகளே பரிந்துரைக்கின்றன. அளவும் இடமும் வகுத்து, மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பது அது. நடைக்குழுவில் ஒருவர் கைமாற்றும் கருவி அதுவாகாது. கருவுற்றிருப்பவர்கள் வயிற்றின் மேலும், தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கழுத்தின் மேலும் இதைத் தவிர்க்க வேண்டும். ஒளியைத் தாங்க முடியாமல் செய்யும் மருந்து உட்கொள்பவர்களும், ஒளி பட்டால் தோல் பாதிக்கப்படக்கூடிய போர்ஃபிரியா என்னும் நோய் உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

கேள்வி: நண்பர்களோடு பந்தயம் கட்டி நூற்றுக்கணக்கில் பைட்டக் (உட்கார்ந்து எழும் பயிற்சி) எடுத்தேன். மூன்றாம் நாள் ஆகியும் தொடை வீங்கிக் கல்லாக இருக்கிறது. சிறுநீர் கறுத்த டீ போலப் போகிறது. ஒளி வைத்தால் சரியாகுமா? (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே அவருக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே அச்சிடுகிறேன். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனால் ஒளியும் வேண்டாம், எண்ணெய்த் தேய்ப்பும் வேண்டாம், வலி மாத்திரையும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை பெருமளவில் சிதைந்து, அதிலிருக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறி அது. நாளங்களின் வழியே திரவம் ஏற்றி, இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கண்காணித்தால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறுவார்கள். தாமதித்தால் சிறுநீரகம் செயலிழக்கவும் இதயத் துடிப்பு தடுமாறவும் கூடும். நெடுநாள் பயிற்சி இல்லாமல் திடீரென்று பந்தயத்துக்காக இறங்கும் இளைஞர்களிடம் இதைப் பார்க்கிறோம். பயிற்சியாளர்கள் தங்கள் மாணவர்களுக்கு இந்த ஓர் அறிகுறியையாவது சொல்லி வைக்க வேண்டுகிறேன்.

கேள்வி: எங்கள் கைப்பந்துக் கழகத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய வீரர் ஒருவர் நல்ல கருவி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று மறுக்கவும் மனமில்லை. எங்களுக்குப் பலன் தருகிறதா என்று நாங்களே அறிந்துகொள்ள வழி உண்டா? (தூத்துக்குடி)

பதில்: உண்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். 'எப்படி இருக்கிறது?' என்று வீரரைக் கேட்காதீர்கள். புதிய கருவி, பளிச்சென்ற சிவப்பு வெளிச்சம், விலை பற்றிய பேச்சு எல்லாம் சேர்ந்து நன்றாக இருக்கிறது என்றே சொல்ல வைக்கும். எண்ணக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எடையை முதுகில் வைத்து, ஒரே ஆழத்துக்கு உட்கார்ந்து எழுவது எத்தனை முறை முடிகிறது என்பது நல்ல அளவு. வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், முதல் நாள் ஓய்வு, ஒரே உணவு.

அன்றைக்கு ஒளி உண்டா இல்லையா என்பதை நாணயம் சுண்டி ஒருவர் முடிவு செய்யட்டும். அவரே தனியறையில் வீரரின் கண்ணைத் துணியால் கட்டி, கருவியைத் தொடையில் வைக்கட்டும். ஒளி இல்லாத நாளிலும் கருவி அதே இடங்களில், அதே நேரம், அணைத்த நிலையில் அழுத்தி வைக்கப்பட வேண்டும். வெளியே எண்ணிக்கை எடுப்பவருக்கு எந்த நாள் எது என்று தெரியவே கூடாது. கருவியின் மெல்லிய ஓசை, சிறு வெதுவெதுப்பு ஆகியவற்றால் வீரருக்கு ஐயம் வரலாம். வீட்டளவில் அதை முழுமையாக மறைக்க முடியாது, ஆயினும் எண்ணுபவருக்குத் தெரியாமல் இருந்தாலே பாதி பிழை போய்விடும்.

ஆறேழு வீரர்களை வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒளி நாள் எட்டு, ஒளியில்லா நாள் எட்டு சேரும் வரை நடத்திவிட்டு, அதன் பிறகு நாணயம் சுண்டியவரின் நோட்டையும் எண்ணியவரின் நோட்டையும் ஒருசேர விரித்து வையுங்கள். ஒளியில்லாத எட்டு நாள்களிலேயே ஒரு வீரரின் எண்ணிக்கை நான்கைந்து ஏறி இறங்கியிருக்கும். ஒளி நாள்களின் சராசரி அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டி, பெரும்பாலான வீரர்களிடம் ஒரே திசையில் கூடியிருந்தால் போட்டிக் காலத்தில் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், வாங்கித் தந்தவரிடம் அந்த இரண்டு நோட்டுகளின் படத்தை அனுப்பி, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் கழகத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வாரம் இரண்டு நாள் வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். குறைந்தது பதினாறு வாரம் ஆகும் இந்தச் சோதனைக்குப் பிறகும் திருப்பி எடுத்துக்கொள்வதாக விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே பணம் அனுப்பச் சொல்லுங்கள்.